டைப்போடான்ட்டில் முதல் கிளாஸ் 2 கேவிட்டி: பக்கத்துப் பல்லைக் கீறாமல் வெட்டுவது எப்படி?

பல் மருத்துவப் படிப்பான பி.டி.எஸ். இரண்டாம் ஆண்டில், டைப்போடான்ட் என்ற பிளாஸ்டிக் பல்வரிசை மாதிரியில் வெட்டிப் பழகுகிறோம். அந்த ப்ரீகிளினிக்கல் லேபில் கிளாஸ் 1 கேவிட்டி (பல்லின் மேல்பரப்பில் மட்டும் வெட்டும் குழி) வரை கை ஓரளவு பழகிவிடும். பக்கத்துப் பல்லைத் தொடும் பரப்பிலும் வெட்டும் கிளாஸ் 2 வந்ததும்தான் திணறல். மேலே வெட்டும் குழி கண்ணுக்குத் தெரியும். இரண்டு பற்களுக்கு நடுவே இறங்கும் பாக்ஸ் தெரியாது. அந்த இருட்டுக்குள் நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும் பர்ரை (பல்லை வெட்டும் சின்ன முனையை) இறக்க வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழியை இதற்கென்றே சொன்னார்களோ என்று தோன்றும்.

இங்கே எடுத்துக்கொள்வது 46-ஆம் பல், அதாவது கீழ் வலது முதல் கடைவாய்ப்பல். அதில் அமால்கத்துக்கான (பாதரசம் கலந்த உலோக அடைப்புக்கான) மீசியோ-ஆக்லூசல் கேவிட்டி, அதாவது மேல்பரப்பையும் முன்பக்கத்தையும் (மீசியல்) சேர்த்து வெட்டும் குழி. பின்பக்கம் டிஸ்டல்.

"அமால்கமே போகப்போகிறது, இதை ஏன் கற்க வேண்டும்?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். பாதரசத்தைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கை 2013-இல் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி 1 முதல், தவிர்க்க முடியாத மருத்துவத் தேவை தவிர மற்றதற்கு அமால்கத்தை நிறுத்திவிட்டது. ஆனாலும் கை பழக இதைவிட நல்ல பயிற்சி இல்லை. பல் நிறப் பிசினான காம்போசிட் பல்லோடு ஒட்டிக்கொள்ளும், சின்னப் பிழையை மறைத்துவிடும். அமால்கம் ஒட்டாது. சுவரின் சாய்வும் தரையின் மட்டமும் சரியாக இருந்தால்தான் நிற்கும்.

பர்ரைத் தொடுவதற்கு முன்

சென்னைக் காற்றில் ஈரம் அதிகம். கம்ப்ரஸர் டாங்கில் தண்ணீர் சேரும். காலையில் அடி வால்வைத் திறந்து வடித்துவிடாவிட்டால் அந்தத் தண்ணீர் காற்றுக் குழாய் வழியாக, பர்ரைச் சுழற்றும் ஏரோட்டருக்குள் போய் பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். லேபில் அட்டெண்டர் இதைச் செய்திருப்பார். வீட்டில் சொந்தமாகச் சின்ன யூனிட் வைத்துப் பழகுபவர்கள்தான் மறப்பார்கள்.

டைப்போடான்ட்டைப் பொருத்தும் பொம்மைத் தலையான பேன்டம் ஹெட்டைச் சாய்த்து, கீழ்ப்பல் வரிசை தரைக்குச் சுமார் 45 டிகிரியில் வரும்படி வையுங்கள். தலை உச்சிக்கு நேர் பின்னால் 12 மணி என்று வைத்துக்கொண்டால், வலக்கைக்காரர்களுக்கு 46-க்கு 7 மணியிலிருந்து 9 மணி வரையான இடம் வசதி. மோதிர விரல் அதே கீழ்வரிசைப் பற்களின் மேல் ஊன்றியிருக்க வேண்டும். கன்னத்திலோ அந்தரத்திலோ ஊன்றினால் பர் வழுக்கும்.

தேவையானவை: 245 பர், மிரர், எக்ஸ்ப்ளோரர் (கூர்முனைக் கருவி), வில்லியம்ஸ் ப்ரோப் (மி.மீ. கோடுகள் உள்ள அளவுகருவி), எனாமல் ஹேட்செட் (கையால் சீவும் கருவி), ஜிஞ்சைவல் மார்ஜின் டிரிம்மர் (ஈறுப்பக்க ஓரத்தைச் சீவும் கருவி), ஒரு துண்டு மாட்ரிக்ஸ் பேண்ட் (மெல்லிய உலோகப் பட்டை), ஒரு வெட்ஜ் (பற்களுக்கு நடுவே செருகும் ஆப்பு), கூரான பென்சில்.

245 பர்ரையே அளவுகோலாகப் பயன்படுத்தலாம். அதன் வெட்டும் பகுதி 3 மி.மீ. நீளம், விட்டம் 0.8 மி.மீ. பாதி நீளம் இறங்கினால் 1.5 மி.மீ. ஆழம். வில்லியம்ஸ் ப்ரோப்பில் 1, 2, 3-க்குப் பிறகு 4 இல்லை, 5-க்குப் பிறகு 6 இல்லை. கோடுகளை எண்ணிக்கொண்டே போய்த் தப்பாகப் படிப்பவர்கள் நிறைய.

படி 1: பென்சில் கோடு

வெட்டப்போகும் எல்லையைப் பல்லின் மேல் வரையுங்கள். நடு ஃபிஷர் (பள்ளக் கோடு) முழுக்க உள்ளே வரட்டும், கஸ்ப் (மேடு) முனைகள் வெளியே இருக்கட்டும். டிஸ்டல் மார்ஜினல் ரிட்ஜில் (பின் விளிம்பு மேட்டில்) 2 மி.மீ. மீதம் வையுங்கள். அதற்குக் குறைந்தால் ரிட்ஜ் உடையும்.

படி 2: மேல் குழி

மீசியல் பிட்டில் (ஃபிஷரின் முன்முனைக் குழியில்) பர்ரை இறக்கி, ஃபிஷரில் 1.5 மி.மீ. ஆழம் எடுங்கள். பக்கச் சுவரோரம் அளந்தால் அது சுமார் 2 மி.மீ. இருக்கும். பிறகு அதே ஆழத்தில் டிஸ்டல் பக்கம் நகருங்கள். பர் எப்போதும் கிரவுனின் நீள அச்சுக்கு இணையாக நிற்க வேண்டும். அகலம், இரண்டு கஸ்ப் முனைகளுக்கு இடையிலான தூரத்தில் நாலில் ஒரு பங்கு போதும். பர்ரின் விட்டத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். டிஸ்டல் சுவர் மட்டும் மேல்நோக்கி லேசாக வெளியே விரியட்டும். அப்போதுதான் ரிட்ஜுக்கு அடியில் தாங்கல் இருக்கும்.

பிளாஸ்டிக் பல்லுக்குத் தண்ணீர் எதற்கு என்று ஸ்ப்ரேயை மூடிவிடாதீர்கள். பிளாஸ்டிக் உருகிப் பர்ரில் அப்பும், பர் வெட்டாது. வெட்டாத பர்ரை அழுத்துவீர்கள், அது திடீரென்று ஆழமாக இறங்கிவிடும்.

படி 3: பாக்ஸ்

மதிப்பெண் பெரும்பாலும் போவது இங்கேதான். முதலில் 45-க்கும் (முன்னால் உள்ள பக்கத்துப் பல்) 46-க்கும் நடுவே பேண்ட் துண்டைச் செருகி வெட்ஜால் இறுக்குங்கள். பர் தவறினால் கீறல் பேண்டில் விழும், 45-இல் விழாது.

மேல் குழியை மீசியல் பக்கம் நீட்டி, மார்ஜினல் ரிட்ஜை உடைக்க இன்னும் 0.8 மி.மீ. இருக்கும்போது நிறுத்துங்கள். அங்கிருந்து பர்ரை ஈறு நோக்கி இறக்கியபடியே கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் பெண்டுலம் போல் அசையுங்கள். இயற்கைப் பல்லில் எனாமலும் (வெளியடுக்கு) டென்டினும் (உள்ளடுக்கு) சேரும் கோட்டின் மேல் இந்தப் பள்ளம் போகும்: 0.8 மி.மீ.-இல் சுமார் 0.5 டென்டினில், 0.3 எனாமலில். ஒரே நிறப் பிளாஸ்டிக்கில் அந்தக் கோடு தெரியாது. எனவே வெளிப்பக்கம் ஒரு மெல்லிய ஓடு விட்டிருக்கிறோமா என்பதையே அடையாளமாகக் கொள்ளுங்கள். அந்த ஓடு கடைசிவரை இருக்க வேண்டும். ஓட்டைப் பர்ராலேயே உடைக்கப் போகிறவர்தான் பக்கத்துப் பல்லைக் கீறுகிறார்.

எவ்வளவு ஆழம்? கான்டாக்ட்டுக்குக் (இரு பற்களும் தொடும் இடத்துக்குக்) கீழே இறங்கி, ஜிஞ்சைவல் (ஈறுப்பக்க) தரையோரம் 45-இலிருந்து 0.5 மி.மீ. விலக வேண்டும். கன்ன, நாக்குப் பக்க ஓரங்களில் 0.2 முதல் 0.3 மி.மீ. போதும், எக்ஸ்ப்ளோரர் நுனி உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. நீங்கள் பழகும் முதல் இரண்டு பற்களில், பல்லைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றி, பல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். தப்பில்லை. பிராக்டிகல் தேர்வில் அது நடக்காது என்பதால் மூன்றாவது பல்லிலிருந்து அந்தப் பழக்கத்தை விடுங்கள்.

இனி அந்த மெல்லிய ஓடு முழுவதையும் ஹேட்செட்டால் நீக்குங்கள். எனாமல் பட்டென்று உடையும், பிளாஸ்டிக் கிழியும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுங்கள்.

பாக்ஸின் பக்கச் சுவர்கள் மேல்நோக்கிக் குறுகட்டும். தரை தட்டையாக இருக்கட்டும். ஆக்ஸியல் சுவர் (பாக்ஸின் உட்பக்கச் சுவர்) பல்லின் வெளி வளைவைப் பின்பற்ற வேண்டும். அதை நேர்கோடாக வெட்டினால் நடுவில் பல்ப் (நரம்புள்ள உட்கூழ்) பக்கம் நெருங்கிவிடும்.

படி 4: கைக்கருவி

மார்ஜின் டிரிம்மரின் கைப்பிடியில் உள்ள எண்களில் இரண்டாவதைப் பாருங்கள். 80 என்றால் மீசியல், 95 என்றால் டிஸ்டல். நமக்கு 80. ஜிஞ்சைவல் ஓரத்தில் எனாமல் கம்பிகள் ஈறு நோக்கிச் சாய்ந்திருப்பதால், தாங்கல் இல்லாத எனாமலை நீக்க அங்கே மட்டும் சுமார் 20 டிகிரி பெவல் (சாய்வு ஓரம்) கொடுக்கிறோம். ஆக்ஸியோபல்பல் முனையையும் (மேல் குழியின் தரையும் ஆக்ஸியல் சுவரும் சேரும் விளிம்பையும்) லேசாக மழுக்குங்கள். கூராக விட்டால் அமால்கம் அங்கிருந்து விரிசல் விடும். மற்ற ஓரங்களில் பெவல் கூடாது. மெல்லிய ஓர அமால்கம் நொறுங்கும் என்பதால் 90 டிகிரியாக முடியுங்கள்.

நிரப்புவது

பேண்டைப் பல்லைச் சுற்றிப் பிடிக்கும் டாஃபில்மயர் ரீடெய்னரின் திறப்பு ஈறு பக்கம் பார்க்கட்டும். இல்லாவிட்டால் கழற்றும்போது அமால்கத்தையும் சேர்த்து இழுப்பீர்கள். பேண்ட் பக்கத்து ரிட்ஜுக்கு மேல் 1 மி.மீ. நிற்கட்டும். வெட்ஜை நாக்குப் பக்கத்திலிருந்து செருகுங்கள், அங்கேதான் இடைவெளி அகலம். வெட்ஜ் தளர்வாக இருந்தால் ஈறோரம் அமால்கம் துருத்தும், கான்டாக்ட்டும் கிடைக்காது.

முதலில் பாக்ஸ், பிறகு மேல் குழி. சின்னச் சின்னத் துண்டாகப் போட்டு, சிறிய கண்டென்சரால் (அழுத்தும் கருவியால்) மூலைகளை அழுத்துங்கள். வெறுங்கையால் தொடவே கூடாது. பாதரசம் ஒரு காரணம், வியர்வை இன்னொன்று. துத்தநாகம் உள்ள அமால்கத்தில் ஈரம் பட்டால் உள்ளே ஹைட்ரஜன் வாயு உண்டாகி, சில நாட்களில் ஃபில்லிங் வீங்கி எழும்பும். மே மாதச் சென்னையில் க்ளவுஸ் கழற்றிய கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மிச்ச அமால்கத்தை சிங்க்கில் போடாமல், இறுக மூடும் டப்பாவில் சேருங்கள்.

அடுத்து பிடுங்கிய இயற்கைப் பற்களில் வெட்டப்போகிறீர்கள் என்றால், அவற்றை முதலில் 40 நிமிடம் ஆட்டோகிளேவ் (நீராவியால் கிருமிநீக்கம்) செய்ய வேண்டும். ஏற்கெனவே அமால்கம் அடைத்த பல்லை மட்டும் ஆட்டோகிளேவில் வைக்காதீர்கள், சூட்டில் பாதரச ஆவி வெளிவரும். அதை 10 சதவீத ஃபார்மலினில் இரண்டு வாரம் ஊறப்போடுங்கள்.