மலைநாட்டுல இருந்துகிட்டே அரோராவ மேல இருந்து பாக்குறது எப்படி

அரோரான்னா மேல இருந்து எறங்குற இலத்திரன் காத்துல மோதி, துருவப் பக்கத்து ராத்திரி வானத்துல எரியுற வண்ண வெளிச்சம். முதல்ல இத சொல்லிடுறேன், நுவரெலியாவுல நேத்து ராத்திரி வானம் பச்சையா எரிஞ்சிச்சுன்னு வட்ஸ்அப்ல படம் வந்தா தயவுசெஞ்சு அத இன்னொரு குரூப்புக்கு தள்ளிவிடாதீங்க. 2024 மே 10 வந்த ஜி5 காந்தப் புயல் (சூரியனால பூமியோட காந்தப்புலம் கலங்குறது, ஜி5தான் உச்ச அளவு), 2003க்கு அப்புறம் வந்த பெருசு, அதுக்கே லடாக்ல கேமராவுல சிவப்பா புடிச்சாங்க, அதுக்கு இந்தப் பக்கம் நம்ம வரைக்கும் எட்டாது. ஏன்னா பூமியோட காந்தப்புலத்துக்கு நடுக்கோடு இந்தியாவோட தென்முனைக்கு கிட்டதான் போகுது, அதனால நம்ம தலைக்கு மேல காந்தக்கோடு கிட்டத்தட்ட படுத்த வாக்குல ஓடுது, இலத்திரன் அந்தக் கோட்டப் புடிச்சுத்தான் கீழ எறங்கும், இங்க எறங்க வழியே இல்ல.

அப்ப நமக்கு இருக்குற வழி விண்வெளி நிலையம்தான். 400 கிலோமீட்டர் ஒசரத்துல பறக்குது, பச்ச அரோரா 100ல இருந்து 150 கிலோமீட்டர்லதான் எரியுது, அதனால அதுல இருக்குற விண்வெளி வீரருங்க நம்ம சிவனொளிபாதமலை உச்சியில நின்னு கீழ மூடுபனிய பாக்குற மாதிரி குனிஞ்சு பாக்குறாங்க. அவங்க எடுக்குற படத்துலதான் நாமளும் பாக்கணும், அதுக்கு நிலையம் எப்ப அரோரா பக்கம் போகுதுன்னு தெரியணும்.

நாசாவோட ஸ்பொட் த ஸ்டேஷன் ஆப்ல ஹட்டனோ பதுளையோ, உங்க ஊர போடுங்க. வர்ற பாஸ்ல (நிலையம் நம்ம வானத்த ஒரு தடவ கடக்குறதுதான் பாஸ்) வடமேற்குல தோன்றி தென்கிழக்குல மறையுற சாயங்கால பாஸ் மட்டும் குறிச்சு வைங்க, இதுதான் முக்கியம். அது நம்மள தாண்டி இந்து சமுத்திரத்துக்கு குறுக்கால போயி, சுமார் 25 நிமிஷத்துல ஆஸ்திரேலியாவுக்கு தெற்கால, நியூசிலாந்து பக்கமா, அது போற தெற்கு எல்லையான 51.6 பாகையத் தொடும். தென் காந்த துருவம் ஆஸ்திரேலியா பக்கமா சாஞ்சு இருக்குறதால அரோரா வளையமும் அந்தக் கடலுக்கு மேலதான் நல்லா வடக்கால வருது. நம்ம வாசல்ல நின்னு டாட்டா காட்டின அதே நிலையம் நம்ம சோத்துக்கு ஒக்கார்றதுக்குள்ள அங்க போயிடும்!

மாசம்னு கேட்டா நான் மார்ச்தான் சொல்லுவேன். ஹட்டன் பக்கம் வானம் தெளிவா இருக்கும், அங்க தெற்குலயும் ராத்திரி நீளும், சம இரவு நாள் கிட்ட காந்தப் புயலும் கொஞ்சம் கூடுதலா வரும். நோவாவோட (அமெரிக்க வானிலை, சமுத்திர நிறுவனம்) அரோரா மேப்ல தென் துருவ படத்த எடுங்க, வட துருவம் நமக்கு வேணாம். கேபி (காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்குன்னு 0ல இருந்து 9 வரைக்கும் சொல்ற அளவு) 5க்கு மேல இருந்தா நல்ல நாள். நேரம் யூடிசில (உலகப் பொது நேரம்) இருக்கும், நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணித்தியாலம் கூட்டிக்கோங்க.

நிலையத்தோட லைவ் கேமராவ நம்பி ஒக்காராதீங்க, ராத்திரி பக்கம் போனா பெரும்பாலும் கறுப்புதான். வீரர்கள் ஜன்னல் வழியா எடுத்த போட்டோதான் சரக்கு, நாசா வீரர் டொன் பெட்டிட் எடுத்ததெல்லாம் தேடிப் பாருங்க.

போட்டோ கெடச்சதும் ஏமாறுற இடம் ஒன்னு இருக்கு. பூமி ஓரத்த ஒட்டி மெல்லிசா பச்ச மஞ்சளா ஒரு கோடு எல்லாப் படத்துலயும் இருக்கும், அது அரோரா இல்ல, காற்றொளி. பகல்ல சூரிய ஒளி ஒடச்ச மூலக்கூறு ராத்திரி திரும்ப சேருறப்ப வர்ற வெளிச்சம், நம்ம மலைக்கு மேலயும் இருக்கு. அரோரான்னா திரை மாதிரி மடிஞ்சு நெளிஞ்சு இருக்கும், ஒரு பக்கம் மட்டும் பளிச்சுன்னு இருக்கும்.

நெறத்த பாத்தா ஒசரம் தெரியும். பச்சையும் சிவப்பும் ரெண்டுமே ஒட்சிசன்தான், சக்தி ஏறின அணுவுல இருந்து பச்ச ஒரு செக்கனுக்குள்ள வந்துடும், சிவப்புக்கு சுமார் 110 செக்கன் வேணும், கீழ காத்து அடர்த்தியா இருக்குறதால அதுக்குள்ள இன்னொரு அணு மோதி சக்திய பறிச்சுடும், அதனால 200 கிலோமீட்டருக்கு மேலதான் சிவப்பு. சில நேரம் நிலையமே அந்த சிவப்புக்குள்ளால போகும். அடி ஓரத்துல ஊதா தெரிஞ்சா அது நைதரசன், இலத்திரன் நல்லா ஆழமா பாஞ்சிருக்குன்னு அர்த்தம்.

ஏ எல் பௌதிகவியல் படிக்கிற புள்ளைங்களுக்கு ஒன்னு. சூரியன்ல இருந்து வர்ற துகள் நேரா துருவத்துல விழுதுன்னு பல பேர் எழுதுறாங்க, அது அரைகுறை. சூரியக் காத்து பூமியோட காந்தப்புலத்த ராத்திரி பக்கமா வாலாட்டம் இழுத்து விடுது, அந்த வால்ல காந்தக்கோடுங்க அறுந்து திரும்ப ஒட்டுறப்பதான் இலத்திரன் வேகம் புடிச்சு பூமிப் பக்கம் திரும்புது.

ஒரிஜினல் போட்டோ நாசா ஜோன்சன் மையத்தோட விண்வெளி வீரர் படத்தளத்துல ஃப்ரீயா கெடைக்கும், பைல் பெருசு, டேட்டா கார்டு போட்டு எறக்காம வைபை இருக்குற எடத்துல எறக்கிக்கோங்க.