சிறு பண்ணையாளர் நிவாரணத் தொகை: அறிவிப்பு வருமுன் செய்ய வேண்டியவை

கொரோனா காலத்தில் அமெரிக்க வேளாண்மைத் துறை பண்ணையாளர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கிய கொரோனா உணவு உதவித் திட்டத்தின் இரண்டாம் சுற்று, 2020 செப்டம்பர் 21 முதல் டிசம்பர் 11 வரையும், மீண்டும் திறக்கப்பட்டு 2021 அக்டோபர் 12 வரையும் நடந்தது. அது முடிந்துவிட்டது. ஆயினும் அடுத்த பேரிடரில் உதவி வருமானால் அதே கவுண்டி (மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) அலுவலகம் ஏறத்தாழ அதே தாள்களைத்தான் கேட்கும் என்பதால், அந்த அனுபவத்தை வைத்தே இப்போது தயாராகலாம்.

முதலில் உங்கள் கவுண்டியில் உள்ள, வேளாண்மைத் துறையைச் சேர்ந்த பண்ணைச் சேவை முகமை அலுவலகத்தில் பண்ணை எண் (உங்கள் பண்ணைக்கான பதிவு எண்) பெற்றுக்கொள்ளுங்கள். அடையாள அட்டை, சமூகப் பாதுகாப்பு எண் அல்லது வரி எண், நிலப் பத்திரம் அல்லது குத்தகை ஒப்பந்தம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். இரண்டு ஏக்கரில் காய்கறி போடுபவர்கள் பலர், அந்த அலுவலகம் பெரிய சோளப் பண்ணைகளுக்கே உரியது என்று எண்ணி வாசற்படி மிதிப்பதில்லை. அந்தத் தயக்கத்தை விடுங்கள்.

அடுத்தது விற்பனைக் கணக்கு. என்னைக் கேட்டால் இதுவே எல்லாவற்றிலும் முக்கியம். முதல் சுற்றில் பெரும்பாலும் நாடளாவிய விலைச்சரிவே அளவுகோலாக இருந்தது; இரண்டாம் சுற்றிலோ காய்கறி, பழம் போன்றவற்றுக்கு 2019ஆம் ஆண்டு விற்பனையே அடிப்படையாயிற்று. முதல் 49,999 டாலர் வரை 10.6 விழுக்காடு என்பது விதி. அதாவது 40,000 டாலருக்குத் தக்காளியும் கீரையும் விற்றவருக்கு 4,240 டாலர் கிடைத்தது. சந்தையில் ரொக்கமாக விற்று, எதையும் எழுதி வைக்காதவர் எந்தத் தொகையை நம்பிக்கையோடு குறிப்பிட முடியும்? ஆகவே ஒவ்வொரு சந்தை நாளும் மாலையில், தேதி, பயிர், அளவு, பெற்ற தொகை ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பதப்படுத்திய பொருளைத் தனிப் பக்கத்தில் எழுதுவது நல்லது. ஸ்ட்ராபெரிப் பழமாக விற்றது கணக்கில் சேர்ந்தது. அதையே ஜாமாக்கி விற்றபோது கூடிய மதிப்பு சேரவில்லை. வெளியில் வாங்கி விற்ற சரக்கும் சேரவில்லை.

இறைச்சி மாடு வளர்ப்போர் இருப்புக் கணக்கை மாதந்தோறும் எழுத வேண்டும். இரண்டாம் சுற்றில் 2020 ஏப்ரல் 16 முதல் ஆகஸ்ட் 31 வரையிலான காலத்தில் பண்ணையாளரே தேர்ந்தெடுத்த ஒரு நாளின் மிகுதியான எண்ணிக்கைக்குத் தலைக்கு 55 டாலர் தரப்பட்டது. இனப்பெருக்கத்துக்கு வைத்த மாடுகள் அதில் அடங்கா என்பதால் அவற்றைப் பிரித்தே எழுதுங்கள்.

விண்ணப்பத்தோடு வருமானச் சான்றுறுதிப் படிவம், வங்கிக் கணக்கு விவரம், நிலப் பாதுகாப்பு விதிகளுக்கான உறுதிமொழி ஆகியவையும் கேட்கப்பட்டன. கட்டணம் ஏதும் இல்லை. இடைத்தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டியதும் இல்லை. படிவம் புரியவில்லை என்றால் அலுவலரிடமே உட்கார்ந்து நிரப்பச் சொல்லிக் கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பணம் வந்த பின்பும் தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். விண்ணப்பத்தில் பண்ணையாளர் சொன்ன கணக்கை முதலில் ஏற்றுக்கொண்ட முகமை, பிறகு சிலரைத் தேர்ந்தெடுத்துச் சான்று கேட்டது. இந்தத் தொகை வரிக்குட்பட்ட பண்ணை வருமானமும் ஆகும். வரிப் படிவத்தில் பண்ணை வரவு செலவுக்கான எஃப் அட்டவணையில் அதைக் காட்ட வேண்டியிருப்பதால், வரிக்கென ஒரு பகுதியை அன்றே ஒதுக்கி வையுங்கள்.