அடுப்புக்குப் பின்னால் இருந்த எரிவாயுக் கசிவு

அடுப்பு அணைந்திருந்தபோதும் சமையலறையில் அழுகிய முட்டையின் நெடி மெலிதாக வீசிக்கொண்டிருந்தது. இயற்கை எரிவாயுவுக்கு இயல்பாக மணம் கிடையாது. கசிவு மூக்குக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மத்தை அதில் கலக்கிறார்கள். ஆகவே எந்த சுவிட்சையும் தொடாமல் (விளக்கை அணைப்பதும் பொறி கிளப்பும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்), சன்னல்களைத் திறந்துவிட்டு, வீட்டாருடன் வெளியேறி, வெளிச்சுவரில் மீட்டருக்கு அருகிலுள்ள வால்வின் கைப்பிடியைக் குழாய்க்குக் குறுக்காகத் திருப்பி மூடிய பிறகே எரிவாயு நிறுவனத்தின் அவசர எண்ணை அழைத்தேன்.

இயற்கை எரிவாயுவின் முக்கியக் கூறான மீத்தேன் காற்றில் ஏறத்தாழ 5 முதல் 15 சதவீதம் வரை இருக்கும்போது தீப்பற்றும். காற்றைவிட இலேசானது என்பதால் அது கூரையடியில் தேங்கும். சிலிண்டர் வாயுவோ தரையோடு படியும்.

வந்த பணியாளர் கருவியால் அளந்தபின், வால்வைச் சிறிது நேரம் மட்டும் திறந்து, இணைப்புகளில் சோப்பு நீரைத் தூரிகையால் தடவினார். இரும்புக் குழாயின் மரையிணைப்புகளில் ஒன்றுமில்லை. அடுப்போடு சேரும் ரப்பர் குழாயின் வளைவில் மட்டும் நுண்ணிய குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொங்கின. சூட்டில் அந்த இடம் இறுகி, மயிரிழை அளவுக்கு வெடித்திருந்தது. டேப் சுற்றி ஒப்பேற்றுவதை நான் தீர்வாகவே கருதுவதில்லை. எஃகுப் பின்னல் போர்த்திய புதிய குழாயை, அடுப்பின் பின்புறச் சூடு படாத வழியில், அவரே பொருத்தினார். வால்வைத் திறந்து மீண்டும் சோப்பு நீர் தடவியபோது குமிழி எழவில்லை. குழாயின்மேல் அச்சிட்டிருந்த காலாவதி ஆண்டை ஒரு சீட்டில் எழுதி, மீட்டர் பெட்டியின் உட்புறத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன்.