பழையனூர் நீலியை இளையோர் நாவலாக மறுபடி எழுதுவது எப்படி?

நாட்டுக்கதையொன்றைப் பெண்ணியப் பார்வையில் மிகைபுனைவாக்க (ஃபேன்டசியாக்க) முனைவோர் பலர் முதலில் நாயகியின் கையில் ஒரு வாளைக் கொடுத்துவிடுகிறார்கள். கணவனால் கொலையுண்டு, பேயாகி வந்து பழிதீர்த்ததாகச் சொல்லப்படும் பழையனூர் நீலிக்கு அது தேவைப்படாது. கொல்வதற்கு அவள் எப்போதோ கற்றுக்கொண்டவள். அவளுக்குக் கிடைக்காமல் போனது ஒரு விசாரணை. அவள் செய்த கொலையைப் பற்றி ஊரே பேசியது. அவள் கொலையுண்டதை எந்த மன்றமும் கேட்கவில்லை. உங்கள் நாவல் அந்த விசாரணையை நடத்தவேண்டும்.

முதலில் கதையின் வடிவங்களைத் திரட்டுங்கள். பரவலாக வழங்கும் வடிவத்தில், முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்டுப் பேயான நீலி, வணிகனாக மறுபிறவி எடுத்துப் பழையனூர் வரும் அவனை மறித்து, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, என்னைக் கைவிட்ட கணவன் இவன் என்று ஊராரிடம் முறையிடுகிறாள். அவளை நம்பிய எழுபது வேளாளர்கள், அவனுக்குத் தீங்கு நேர்ந்தால் தங்கள் உயிரைத் தருவதாக வாக்களித்து, இருவரையும் ஓரிரவு ஒன்றாகத் தங்கவைக்கிறார்கள். அவன் கொலையுண்டதும் எழுபது பேரும் தீப்பாய்ந்து வாக்கைக் காக்கிறார்கள். தென் மாவட்டங்களின் வில்லுப்பாட்டிலோ முற்பிறவியில் கொலையுண்டவள் மனைவியல்லள், தாசி. நகைக்காகக் கொல்லப்பட்ட அவளுக்குக் கள்ளியே சாட்சி. சமணர்கள் இன்னும் துணிந்து, நீலகேசி என்னும் காப்பியத்தில் இந்தப் பேயைச் சமய வாதம் புரியும் அறிவாளியாக்கி, பிற சமயத்தாரை வெல்ல வைத்தார்கள். ஆகவே நீலியை மாற்றி எழுதுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. அது பழைய தமிழ் மரபு.

இந்த வடிவங்களை அருகருகே வைத்துப் படித்து, அவள் பேச்சு எந்தெந்த இடத்தில் நின்றுபோகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பரவலான வடிவத்தில் முற்பிறவிக் கொலை சில வரிகளில் முடிந்துவிடும். விரிவெல்லாம் எழுபதின்மரின் வாய்மைக்கே. அந்த அளவைத் தலைகீழாக்குவதிலிருந்து உங்கள் திட்டம் தொடங்கட்டும்.

அடுத்தது, யார் கண்வழியாகச் சொல்வது என்பது. நீலி இறந்தவள், பழிதீர்க்கும் நோக்கம் முழுதாய் உறைந்துவிட்டவள். பதினாறு வயது வாசகிக்கு அவளோடு சேர்ந்து வளர இடமில்லை. எழுபதின்மரில் ஒருவருக்கு அந்த வயதில் ஒரு மகளைப் படைக்கும்படி நான் பரிந்துரைப்பேன். தந்தை உயிரைப் பணயம் வைக்கும்போது வீட்டுப் பெண்கள் யாரையும் கேட்கவில்லை. மறுநாள் அந்த வாக்கின் விலையைச் சுமக்கப்போகிறவர்களோ அவர்கள்தாம். நீலியின் பேய்மையை முதலில் உணர்பவளும், உணர்ந்ததை யாரிடம் சொல்வது என்று திணறுபவளும் அந்த மகளாக இருந்தால், தந்தையைக் காப்பதா, ஒரு பெண்ணின் நியாயத்தைக் கேட்பதா என்ற நெருக்கடி தானே உருவாகும்.

அதிக நேரம் செலவிடவேண்டிய காட்சி ஒன்று உண்டு. வணிகனிடம் தற்காப்புக்கு ஒரு மந்திர வாள் இருக்கிறது. அந்த வாளால் என்னைக் கொன்றுவிடுவான், வாங்கி வையுங்கள் என்று நீலி அழுகிறாள், ஊரார் வாங்கிவிடுகிறார்கள். நீலிக்கண்ணீர் என்று இன்றும் பழிக்கப்படுவது இப்படிப்பட்ட அழுகைதான். ஆனால் இந்தப் பிறவியில் பொய்யான அந்த அச்சம், போன பிறவியில் அப்படியே நடந்தது. இந்த ஒரு காட்சியை வணிகன், ஊரார், மகள் ஆகிய மூவர் பார்வையிலும் தனித்தனியாக எழுதிப் பார்த்த பிறகே நாவலில் எது நிற்கவேண்டும் என்று முடிவுசெய்யுங்கள். இங்கே அவசரப்பட்டால் நூல் முழுவதும் தளர்ந்துவிடும்.

மாயத்திற்கு விதி குறைவாகவும் கண்டிப்பாகவும் இருக்கட்டும். கள்ளியால் ஆன குழந்தை பால் கேட்குமா, அதைத் தூக்குபவளுக்கு முள் குத்துமா, கிள்ளினால் கசிவது இரத்தமா கள்ளிப்பாலா என்பவற்றை முன்கூட்டியே தீர்மானியுங்கள். களத்தை வெளியிலிருந்து கொண்டுவரவேண்டாம். பழையனூரை ஒட்டிய திருவாலங்காடு, சிவனோடு காளி ஆடிய நடனப் போட்டிக்கும், தானே வேண்டிப் பேயுருப் பெற்ற காரைக்கால் அம்மையாருக்கும் உரிய ஊர். கணவன் விலகியபின் அழகைச் சுமையென உதறிய ஒரு பெண்ணும், கணவனால் கொலையுண்டு பேயான ஒரு பெண்ணும் ஒரே காட்டின் நினைவில் வாழ்கிறார்கள் என்பது மிகைபுனைவு எழுதுபவருக்குக் கிடைத்த பெரும் செல்வம்.

நீலியைக் குற்றமற்றவளாக்க முயலாதீர்கள். இந்தப் பிறவி வணிகனுக்குத் தன் பழைய குற்றம் நினைவில்லை. எழுபது பேர் அவளுக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. அவர்களை மூடர்களாகவோ கொடியவர்களாகவோ காட்டினால் மகளின் தவிப்பு பொருளிழக்கும். மேலும், இக்கதை ஒரு சமூகத்தின் பெருமையாகச் சொல்லப்பட்டுவருவதால், வாக்குத் தவறாத அவர்களின் நேர்மையை நேர்மையாகவே எழுதி, அந்த நேர்மையின் கணக்கில் பெண்கள் ஏன் இடம்பெறவில்லை என்ற கேள்வியை மட்டும் கூர்மையாக்குங்கள்.

முதல் வரைவு முடிந்ததும், பதினைந்து முதல் பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்களிடமும் ஆண்களிடமும் படிக்கக் கொடுங்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்பதைவிட, நீலியின் சொல்லை எந்தப் பக்கத்தில் நம்பத் தொடங்கினார்கள், எந்தப் பக்கத்தில் நம்ப மறுத்தார்கள் என்று குறித்துத் தரச் சொல்லுங்கள். எல்லோரும் ஒரே பக்கத்தைக் குறித்திருந்தால், அங்கே நீங்கள் தீர்ப்பை நீங்களே சொல்லிவிட்டீர்கள் என்று கொண்டு, அந்தப் பகுதியைத் திருத்தி எழுதுங்கள்.