கமாரோவுக்கு எந்த சிலிண்டர் ஹெட்?
என் 1976 செவ்ரலே கமாரோ காரின் 350 கன அங்குல எஞ்சின் சிக்னலில் கிளம்பவே சோம்பும். கோளாறு சிலிண்டரை மேலிருந்து மூடும் ஹெட்டில்தான்: 76 சிசி எரியறை, கலவை எத்தனை மடங்கு அமுங்குகிறது என்ற அழுத்த விகிதம் வெறும் 8.5. காற்று போகும் துவாரம் பெரிதாக உள்ள அலுமினிய ஹெட் வாங்கச் சொல்லி ஆளாளுக்கு ஆசை காட்டினார்கள். துவாரம் பெருத்தால் குறைந்த சுழற்சியில் காற்றின் வேகம் விழும். நிமிடத்துக்கு 5,500 சுழற்சியைத் தாண்டாத எஞ்சினுக்கு அது எதற்கு?

1996 முதல் செவ்ரலே பிக்கப்களில் வந்த வோர்டெக் இரும்பு ஹெட்டைத் தேர்ந்தெடுத்தேன். 64 சிசி எரியறை, காற்று உள்ளே வரும் இன்டேக் துவாரம் சுமார் 170 சிசி. எண்ணெய்க் கறையைச் சுரண்டி, வார்ப்பு எண்ணின் கடைசி மூன்று இலக்கம், வோர்டெக்கின் அடையாளமான 906 அல்லது 062 என்று உறுதி செய்துகொண்டேன். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு வந்து அமரும் இருக்கையோரம் விரிசல் விடுவது இவற்றின் குலவியாதி. முதலில் கிடைத்த ஜோடியில் ஒன்று சோதனையில் தேறவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பணம் கரைவது மற்ற சாமான்களில். ஹெட்டுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் பழைய இன்டேக் மேனிஃபோல்டு பொருந்தாது, எட்டு போல்ட் வகை வேண்டும். வால்வு திறக்கும் உயரம் 0.450 அங்குலத்தைத் தாண்டினால், ஸ்பிரிங்கின் மேல்மூடி, வால்வுத் தண்டு ஓடும் குழலான வால்வு கைடின் முனையில் இடிக்கும். வால்வைத் திறக்கும் என் கேம் தண்டு அதைத் தாண்டுவது. முனையைச் சீவச் சொல்லி, ஸ்பிரிங்கையும் மாற்றினேன்.

இப்போது அழுத்த விகிதம் ஒன்பதரைக்குப் பக்கம். மிதித்ததும் கிளம்புகிறது. பெட்ரோல்தான் ஒரு படி உயர்ந்த ரகமாகப் போட வேண்டியிருக்கிறது.