எல்லையோரச் சிற்றூரைப் பற்றி எழுதும்போது அதன் மக்கள்தொகையையும் நில அமைப்பையும் கண்டுபிடிப்பது எப்படி?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் நாற்பது ஐம்பது வீடுதான் உள்ள ஊர் என்றால், 2011 கணக்கெடுப்பில் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்று விட்டுவிடாதீர்கள். கேரளத்தின் 3.34 கோடிப் பேருக்கு அதில் இருந்த கிராமங்கள் 1,018தான். அங்கே கிராமம் என்றால் பெரிய வருவாய் கிராமம், நம் ஊர் மாதிரி பல ஊர்கள் அதற்குள் அடங்கிவிடும். அதனால் முதலில் நிலவரி ரசீதில் எந்த வில்லேஜ் என்று பார்த்துவிட்டு, மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டில் அந்தப் பெயரைத் தேடுங்கள்.

சரி, ஊருக்கு மட்டும் எண்ணிக்கை வேண்டுமா? அங்கன்வாடி டீச்சரிடம் கேளுங்கள், வீடு வீடாகப் போய் எழுதிய பதிவேடு அவரிடம்தான் இருக்கும். வாக்காளர் பட்டியலை எண்ணினால் 18 வயதுக்குக் கீழே யாரும் வரமாட்டார்கள், திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர் மட்டும் வந்துவிடுவார்.

1931 கணக்கு வேண்டுமென்றால் கணக்கெடுப்பு அறிக்கையின் சென்னை மாகாணத் தொகுதியில் தேடாதீர்கள், கொச்சித் தொகுதியில் தேடுங்கள். பாலக்காடு தாலுகா சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது, ஆனால் பக்கத்துச் சித்தூர் கொச்சி சமஸ்தானம்.

நில அமைப்புக்கு இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடம் போதும். இந்தப் பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதி ஓரளவு சமதளம்தான், உயரக்கோடுகளைவிட ஓடை, குளம் பார்த்து இடத்தைப் பிடிப்பது சுலபம். அப்புறம் மண்ணையும் எழுதுங்கள். கேரளத்தில் கரிசல் மண் இருப்பது இந்தத் தாலுகாவில்தான்.