ஏற்காட்டுக் குளிரில் குடும்பத்தோடு பத்திரமாகத் தூங்க: கரி அடுப்பிலிருந்து ஹீட்டர் ராடு வரை

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை இரவுகளில் குளிர் 10 டிகிரியை ஒட்டி இறங்கும். இந்தக் குளிரை நல்ல கம்பளி ஒன்று தாங்கிவிடும். குளிரை விரட்ட நாம் செய்யும் வேலைகளில்தான் ஆபத்து. மலையில் குடியிருப்பவர்களுக்கும், சேலத்திலிருந்து இரண்டு நாள் தங்க வருபவர்களுக்கும் இது பொருந்தும்.

படி 1: கரி அடுப்பை வாசலோடு நிறுத்துங்கள்

குளிர் காய நினைத்தால் திண்ணையிலோ முற்றத்திலோ காயுங்கள். கதவை அடைத்த அறைக்குள் தணல் வரவே கூடாது. புகை அடங்கி, கரி செக்கச்செவேலென்று கனன்றதும் "இனி உள்ளே எடுத்துப் போகலாம்" என்று நினைப்பதுதான் பெரிய தவறு. புகை நின்றுவிட்டாலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டேதான் இருக்கும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, இருமலும் வராது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். சாம்பல் மூடி அணைந்ததுபோல் தெரியும் தணலும் விஷத்தைக் கக்கும். தூங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது.

ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் போதும் என்பார்கள். போதாது.

அறிகுறிகள்: தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, கால் தள்ளாட்டம். ஒரே அறையில் இருந்த இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் வந்து, வெளியே போனதும் குறைந்தால் சாப்பாட்டைச் சந்தேகிக்காதீர்கள், அடுப்பைச் சந்தேகியுங்கள். எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்துவிட்டு 108-ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறியதாகவே எண்ணி அது 98 என்று காட்டும்.

படி 2: படுக்கையைக் கீழிருந்து சூடாக்குங்கள்

மேலே மூன்று போர்வை போர்த்தியும் நடுங்குகிறது என்றால் குளிர் சிமெண்ட் தரையிலிருந்து ஏறுகிறது. முதலில் பாய், அதன்மேல் பவானி ஜமுக்காளம் ஒன்றை இரண்டாக மடித்து, அதற்கும் மேல் மெத்தை. போர்வை ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை, விரிப்பு குறையக் கூடாது.

சுடுதண்ணிப் பையில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் ஊற்றுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், கொதித்து இறக்கிப் பத்து நிமிடம் ஆறியது போதும். மூடுவதற்கு முன் பையை அழுத்திக் காற்றை வெளியேற்றி, துண்டில் சுற்றி, படுப்பதற்கு கால் மணி நேரம் முன் கம்பளிக்குள் வையுங்கள். படுக்கும்போது எடுத்துவிடுங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்குத் தோல் வெந்தாலும் தெரியாது.

படி 3: ஹீட்டர் ராடு, இந்த வரிசையில்தான்

1,500 வாட் ராடு சுமார் 6.5 ஆம்பியர் இழுக்கும். செல்போன் சார்ஜர் போடும் சின்ன பிளக்கில் மாட்டினால் பிளக் உருகும். எர்த் உள்ள 16 ஆம்பியர் மூன்று துளை பிளக் வேண்டும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டு அணையும் ஸ்விட்ச்) இருந்தால் மின்கசிவு வந்த நொடியே அது மின்சாரத்தை வெட்டிவிடும். குளிர்காலத்துக்குள் எலக்ட்ரீசியனை அழைத்துப் போட்டுவிடுங்கள்.

முதலில் பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர். அடுத்து ராடு, அதிலுள்ள கீழ்க்கோடு மூழ்க வேண்டும், மேல்கோட்டைத் தாண்டக் கூடாது. அதன் பிறகுதான் ஸ்விட்ச். தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டால் சில நொடியில் ராடு வெடித்து வீணாகும். 15 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் தண்ணீர் 45 டிகிரிக்கு வர சுமார் 20 நிமிடம் ஆகும். ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் கை வைக்க வேண்டும். "லேசாத் தொட்டுப் பார்க்கிறேன்" என்று விரலை விடுவதில்தான் ஷாக் அடிக்கிறது. இத்தனை நேரமும் குளியலறைக் கதவு வெளியே தாழிட்டிருக்கட்டும்.

குழந்தைக்கு ஊற்றும் வாளியில் எப்போதும் பச்சைத் தண்ணீர் முதலில், வெந்நீர் பிறகு. முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடு உறைக்கக் கூடாது.

கேஸ் கெய்சர் என்றால் விஷயம் மறுபடி படி 1-தான். காற்றுப்போக்கு இல்லாத குளியலறைக்குள் அது இருக்கவே கூடாது. வெளியே மாட்ட வழியில்லாவிட்டால், கதவைத் திறந்து வைத்து வாளியை நிரப்பி, கெய்சரை அணைத்துவிட்டு, அதன் பிறகு உள்ளே போய்க் குளியுங்கள்.

படி 4: குழந்தை, பெரியவர்

கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள்; முகத்தருகே தளர்வான போர்வை வேண்டாம். பிடரி வியர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றலாம். கை கால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், நெஞ்சைத் தொட்டுப் பாருங்கள். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தடவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கற்பூரம் குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கக்கூடும். ஆவி பிடிக்கிறேன் என்று பிள்ளையைக் கொதிக்கும் பாத்திரத்தோடு போர்வைக்குள் உட்கார வைப்பதும் வேண்டாம். பாத்திரம் கவிழ்ந்தால் தொடை முழுக்க வெந்துவிடும்.

பெரியவர்களுக்குக் குளிரில் ரத்த அழுத்தம் ஏறும். நடைப்பயிற்சியை வெயில் வந்த பிறகு வைத்துக்கொள்ளட்டும். தாகம் எடுக்காது என்பதால் தண்ணீரை மறப்பார்கள். பிளாஸ்கில் இளஞ்சூடாகக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

படி 5: இரவில் கீழே இறங்க வேண்டி வந்தால்

சேலம் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணையே மறைக்கும். லோ பீம், இரண்டாவது கியர், ஒவ்வொரு வளைவிலும் ஹாரன். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள். மூச்சுத் திணறல் உள்ளவரோடு போனால் இன்ஹேலரைப் பையில் போடாமல் அவர் கையிலேயே கொடுங்கள். வழியில் 108-ஐ அழைக்க நேர்ந்தால் கடைசியாகத் தாண்டிய வளைவின் எண்ணைச் சொல்லுங்கள்.